மிட்வைஃப்: நடுவும் இல்லை, மனைவியும் இல்லை

மிட்வைஃப் என்ற சொல்லில் ‘மிட்’ நடுவைக் குறிக்காது, ‘வைஃப்’ மனைவியையும் குறிக்காது. பழைய ஆங்கிலத்தில் ‘மிட்’ என்றால் ‘உடன்’. ஜெர்மனில் இன்றும் அப்படித்தான். ‘விஃப்’ என்றால் பெண். ஆக, பேறுகாலத்தில் பெண்ணுக்குத் துணை நிற்பவள்.

தமிழில் மருத்துவச்சி. பெண் டாக்டர் என்று வாசகர் நினைத்துவிடுவாரோ என்று பயந்து மொழிபெயர்ப்பாளர் சிலர் ‘செவிலி’ என்று போடுகிறார்கள், அது பிசகு. டாக்டர் இல்லாமலே சாதாரணப் பிரசவத்தைத் தன் பொறுப்பில் முடிப்பவர் மருத்துவச்சி. இலங்கையில் வழங்கும் ‘மருத்துவமாது’வும் பொருந்தும்.

முதல் உலகப் போர்க்கால இங்கிலாந்து ஆவணங்களில் இந்த வேறுபாடு முக்கியம். 1902ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சான்றிதழ் இல்லாதவர் 1905 ஏப்ரலிலிருந்து மிட்வைஃப் என்ற பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. 1910 ஏப்ரலிலிருந்து, டாக்டர் சொற்படி அல்லாமல், காசுக்கு வழக்கமாகப் பிரசவம் பார்க்கவும் முடியாது. அன்றைய விதிப்படி மருத்துவச்சியின் பையில் வெப்பமானி, கத்தரிக்கோல், நகத் தூரிகை, கிருமிநாசினி, சிறுநீர் வடிக்கும் குழாய் இருக்க வேண்டும். எனிமாக் கருவி தனி, பிறப்புறுப்பைக் கழுவும் கருவி தனி. இரண்டுக்கும் ஒன்றையே புழங்கினால் பிரசவ ஜன்னிதான், அதாவது கிருமி தொற்றி வரும் காய்ச்சல். பிரசவத்துக்குப் பிறகு 10 நாள் தாயும் சேயும் அவர் பொறுப்பு. சிக்கல் வந்தால் டாக்டரை அழைத்தாக வேண்டும். கட்டணம் யார் தருவது? அந்தச் செலவை 1918ஆம் ஆண்டுச் சட்டம்தான் உள்ளாட்சியின் தலையில் வைத்தது.

பிறப்பைப் பதிய அங்கே 42 நாள் அவகாசம் இருந்தது. அதற்குள் பல பிள்ளைகள் இறந்துபோய்விடும். யார்க்‌ஷயரின் கம்பளி ஆலை நகரமான ஹடர்ஸ்ஃபீல்ட் 1906இலேயே தனிச் சட்டம் வாங்கிப் பிறப்பை உடனே அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. 1915இல் நாடு முழுக்க 36 மணி நேரக் கெடு வந்தது. தகவல் கிடைத்தால்தானே சுகாதார ஊழியர் வீடு தேடிப் போய்த் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லலாம், நீண்ட ரப்பர் குழாய் வைத்த பால் புட்டியைத் தூக்கிப்போடச் சொல்லலாம்! அந்தக் குழாயின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வழியில்லை. தங்கிய பால் கெட்டு, கோடையில் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

‘இன்ஃபன்ட்’ லத்தீனில் ‘பேசாதது’. புள்ளிவிவரத்தில் ஒரு வயது நிரம்பாதது. தமிழில் கைக்குழந்தை, அல்லது சிசு. பச்சிளங்குழந்தை என்று எழுதினால் முதல் 28 நாள் என்றாகிவிடும். 1000 உயிர்ப்பிறப்புக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிசு இறப்பு 1915இல் 110, 1916இல் 91. போர்க்கால எண்ணில் ஒரு பொறி உண்டு: 1916இல் பிறந்து 1917இல் இறந்த பிள்ளையும் 1917இன் பிறப்புகளால் வகுக்கப்படும் கணக்கில்தான் சேரும். பிறப்பு சரியும் ஆண்டில் வீதம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.