கோடையிலும் வற்றாத ஏரி

பெங்களூருவில் வர்த்தூர் கோடி என்று ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. கோடி என்றால் நம் ஊர்க் கலிங்குதான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் இடம். 2015ல் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நுரை சாலைக்குப் பறந்து வந்ததும் இப்படிப்பட்ட கலிங்குகளிலிருந்துதான்.

சோப்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் அவ்வளவாக நுரைக்காது, உயரத்திலிருந்து ஊற்றினால் பொங்கும் இல்லையா? அதேதான். சோப்புத்தூளில் இருக்கும் நுரைக்கும் பொருள், பிராணவாயு இல்லாத ஏரியில் சரியாகச் சிதையாமல் அடிச்சேற்றில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்; பெருமழை பெய்தால் சேறு கலங்கி அது மேலே வரும், கலிங்கில் விழும்போது காற்றை அள்ளிக்கொண்டு மலைபோல எழும்பும்.

சரி, இவ்வளவு சோப்பு ஏரிக்கு எப்படி வந்தது? பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயர மேட்டில் இருக்கும் ஊர், பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. அதனால் மழைத்தண்ணீரை ஏரிக்கு ஏரி இறக்கிப் பிடித்தார்கள். மடை திறக்க ஒரு ஆள் இருந்தார். கோடையில் ஏரி வற்றும், ஆடு மாடு உள்ளே இறங்கி மேயும், விவசாயிகள் வண்டலை அள்ளி வயலுக்குக் கொண்டுபோவார்கள், தூர்வாரும் வேலையும் அதோடு முடிந்துவிடும். இயற்கைமேல் பாசம் என்றெல்லாம் இல்லை, அடுத்த போகம் அதில்தான் இருந்தது.

1974ல் காவிரி வந்தது, சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்துக்குப் பம்ப் செய்து. நெல்லைவிட நிலத்துக்கு விலை கூடியது. தர்மாம்புதி ஏரி ஏற்கெனவே மெஜஸ்டிக் பஸ் நிலையம் ஆகியிருந்தது, சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம். மிஞ்சிய ஏரிகளில் வண்டல் அள்ள ஆளில்லை. ஆனால் குழாயில் வருகிற தண்ணீரில் கிட்டத்தட்ட 80 சதவீதம் கழிவாகத் திரும்ப வெளியே போகும், பள்ளத்தில் இருப்பது ஏரி. இப்போது மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஏரிக்கு வரத்து உண்டு. சேற்றில் வெயில் படுவதே இல்லை. பழைய நாட்டு மீன்கள் மூச்சுமுட்டிச் சாக, மேலே வந்து காற்றை விழுங்கத் தெரிந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் கொழுக்கிறது.

எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவரும் அண்ணன் ஏரிக்கரையில்தான் மாட்டுக்குப் புல் அறுக்கிறார். முன்பெல்லாம் சித்திரை வைகாசியில் புல்லுக்கு அலைய வேண்டியிருக்குமாம், இப்போது வருஷம் முழுக்கப் பச்சையாகக் கிடைக்கிறதாம்.