பாட்டுக்குத் தெளிவாக இருக்கும் ஹெட்செட், மீட்டிங்கில் ஏன் கரகரக்கிறது?

பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஒரு பிஜி விடுதியில் தங்கியிருக்கும் என் தங்கை போன மாதம் கூப்பிட்டாள். "அண்ணா, ஹெட்செட் போச்சு. மீட்டிங்ல எல்லாரும் கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. நான் பேசறதும் அவங்களுக்குக் கரகரன்னு கேக்குதாம்." ஒரு பாட்டு போட்டுப் பார்க்கச் சொன்னேன். பாட்டு அருமையாகக் கேட்டது. அப்படியென்றால் ஹெட்செட் போகவில்லை.

ப்ளூடூத்தில் ஒலி போக இரண்டு பாதைகள் உண்டு. பாட்டு போவது ஏ2டிபி என்ற பாதையில். அது ஒருவழிச் சாலை. லேப்டாப்பிலிருந்து காதுக்கு மட்டும். எஸ்பிசி என்ற, ஒலியைச் சுருக்கி அனுப்பும் வழக்கமான முறையில் நொடிக்கு 328 கிலோபிட் அளவுக்கு, ஸ்டீரியோவாக வரும். மைக்குக்கு அதில் இடமே கிடையாது. அதனால் ஹெட்செட்டின் மைக் திறந்த கணமே லேப்டாப் எச்எஃப்பி என்ற இன்னொரு பாதைக்கு மாறிவிடும். காரில் போனைக் கையில் பிடிக்காமல் பேசுவதற்காக வந்தது அது. இருபக்கமும் போய்வரலாம், ஆனால் மோனோ, பக்கத்துக்கு 64 கிலோபிட்தான்.

இந்தப் பாதையின் பழைய முறையில் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது. அளக்கும் எண்ணிக்கையில் பாதி வரையுள்ள அதிர்வெண்களைத்தான் மீட்டெடுக்க முடியும். அதாவது 4,000 ஹெர்ட்ஸ். 'ஸ்', 'ஃப்' போன்ற ஒலிகளின் உயிர் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. அது வெட்டுப்பட்டதும் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். கிணற்றுக் குரல் இப்படித்தான் வருகிறது. 2011இல் எம்எஸ்பிசி என்ற புதிய முறை வந்து அந்த 8,000ஐ 16,000 ஆக உயர்த்தியது. ஆனால் அது பயன்பட, லேப்டாப், ஹெட்செட் இரண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, கரகரப்பு எங்கிருந்து வருகிறது? பெங்களூரு வீடுகளில் மொட்டைமாடி டேங்க் இருப்பதால் குழாயில் காவிரித் தண்ணீர் நின்றாலும் கொஞ்ச நேரம் தெரியாது. பாட்டும் அப்படித்தான்: முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைக்கப்படும், வழியில் ஒலியின் ஒரு துண்டு தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்க நேரம் உண்டு. உரையாடலில் அவ்வளவு தாமதிக்க முடியாது. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். அதனால் தொலைந்த துண்டை மறுபடி அனுப்ப வாய்ப்பு மிகக் குறைவு. அந்த ஓட்டைகளே கரகரப்பாகக் கேட்கின்றன.

துண்டுகள் தொலைவதற்கு பிஜியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 79 அலைவரிசைகளுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவும். நெரிசலானவற்றை ஒதுக்கவும் தெரியும். ஆனால் மாடிக்கு மாடி வைஃபை ரௌட்டர் இருந்து, எல்லாமே அதே பட்டையில் பேசினால் ஒதுங்க இடம் எங்கே? லேப்டாப்பின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது உடனே உதவும். யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் அதே பட்டையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012இலேயே இதை அளந்து எழுதியிருக்கிறது. அதைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் நீளமான கேபிளில் தள்ளி வையுங்கள்.

ஆனால் முதலில் செய்ய வேண்டியது வேறு. மீட்டிங் செயலியின் செட்டிங்ஸில் ஸ்பீக்கராக ஹெட்செட்டையும், மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10இல் ஒரே ஹெட்செட் இரண்டு பெயரில் தெரியும். 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' என்பதை விட்டுவிட்டு 'ஸ்டீரியோ' என்பதை எடுங்கள். ஹெட்செட் மைக்கை யாரும் திறக்காதவரை ஏ2டிபி அப்படியே நிற்கும். புது ஹெட்செட் வாங்க ஓடுவதற்கு முன் இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பாருங்கள் என்று யாரிடமும் உறுதியாகச் சொல்வேன்.

2020இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் ஒலி ஏற்பாட்டில் எல்சி3 என்ற புதிய முறை இருக்கிறது. இரண்டு கருவிகளும் அதற்கு ஏற்றவையாக இருந்தால், மைக் திறந்திருக்கும்போதும் தரம் இவ்வளவு விழாது.

தங்கைக்கு மைக்கை மாற்றியதும் காதில் குரல்கள் தெளிந்துவிட்டன. ஆனால் லேப்டாப் மைக் அறையின் மின்விசிறியையும் பக்கத்துக் கட்டிலில் நடக்கும் பேச்சையும் சேர்த்தே அனுப்பியது. அதனால் தினசரி மீட்டிங்குக்கு இந்த ஏற்பாடு, இன்டர்வியூ என்றால் மைக் வைத்த ஒயர் இயர்போன் என்று வைத்துக்கொண்டிருக்கிறாள்.