ஃபியூஸ் போன பல்பு முழுசாக வந்து சேரட்டும்

பழைய பல்புகளைப் பிரித்தெடுக்கும் ஆலையில் எனக்கு வேலை. வந்து இறங்கும் மூட்டையைத் தூக்கியதும் சலசலவென்று சத்தம் கேட்டால் போச்சு, உள்ளே பாதிக்குப் பாதி உடைந்து, அடியில் சலித்த மாவு மாதிரி வெள்ளைப் பொடி படிந்திருக்கும். சேர்த்து வைத்தவர் நல்ல எண்ணத்தில்தான் சேர்த்திருப்பார். ஆனால் பல்புக்குள்ளிருந்து நாங்கள் பிடிக்க வேண்டிய நச்சுப் பாதரசத்தில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகிப் போயிருக்கும்.

எல்லா பல்பும் ஒன்றல்ல. குண்டு பல்பில் பாதரசம் கிடையாது, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடலாம் (கண்ணாடி பாட்டில்களோடு சேர்க்காதீர்கள், உள்ளே இருக்கும் உலோகம் அந்தக் கண்ணாடியைக் கெடுத்துவிடும்). எல்இடியிலும் பாதரசம் இல்லை, ஆனால் சர்க்யூட் போர்டு இருப்பதால் மின்னணுக் கழிவோடு போக வேண்டும். சிக்கல் சிஎஃப்எல்லிலும் (சுருண்ட அல்லது வளைந்த குழாய் பல்பு) டியூப் லைட்டிலும்தான், பாதரசம் இருப்பது இவற்றில்தான்.

ஒரு சிஎஃப்எல்லில் இருப்பது சுமார் 4 மில்லிகிராம் பாதரசம். பழைய தெர்மாமீட்டரில் 500 மில்லிகிராம் வரை இருக்கும், அப்புறம் இதற்கு ஏன் இவ்வளவு கூப்பாடு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஒன்று உடைந்ததற்காக யாரும் பதற வேண்டியதில்லை. ஆனால் உடைந்ததும் துடைப்பத்தையோ வேக்குவம் கிளீனரையோ எடுக்கிறார்கள் பாருங்கள், அதுதான் பொடியையும் ஆவியையும் அறை முழுக்கப் பரப்பிவிடுகிறது. ஃபேனையும் ஏசியையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடும் நாய் பூனையோடும் பத்து நிமிடம் வெளியே இருங்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, கெட்டி அட்டையால் சில்லுகளை வழித்து, மிச்சத்தை டேப்பில் ஒட்டி எடுத்து, ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் அடைத்துவிடுங்கள்.

ஆலையில் நாங்களும் உடைக்கத்தான் செய்கிறோம், ஆனால் காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் மூடிய இயந்திரத்துக்குள். கண்ணாடி, அலுமினிய மூடி, பொடி தனித்தனியாக வரும், பொடியைச் சூடாக்கினால் பாதரசத்தை வடித்தெடுத்துவிடலாம்.

பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் டியூப் லைட் தயாரிப்பை 2027-க்குள் நிறுத்த ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதனால் இனிக் கழற்றுவது அதிகமாகும். கழற்றும்போது சிஎஃப்எல்லின் கண்ணாடியை முறுக்காமல் பிளாஸ்டிக் அடிப்பகுதியைப் பிடியுங்கள். புதியது வந்த அட்டைப்பெட்டியிலேயே பழையதை வையுங்கள். டியூப்களை ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றிக் கட்டிவிடாதீர்கள், உடையாமல் வந்ததெல்லாம் அந்த டேப்பைப் பிரிக்கும்போதுதான் எங்கள் கையில் உடைகிறது.