படபடப்பு நின்ற பிறகும் மாத்திரை எதற்கு?

"படபடப்புதான் நின்றுவிட்டதே, ஏனப்பா இன்னும் இந்த மாத்திரை?" என்று எங்கள் அப்பத்தா கேட்டார். வயது 82. காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீட்டில் பெரும்பாலும் தனியாக இருப்பவர். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறு மூன்றாவது முறையாக வந்து, தானாகவே அடங்கியிருந்தது.

இந்த நோயில் இதயத்தின் மேலறைகளில் மின்துடிப்புகள் நிமிடத்துக்கு 350க்கும் மேல் தாறுமாறாகப் பாய்கின்றன. மேலறைச் சுவர் சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் விரல் நுனி போல ஒரு சிறு பை இருக்கிறது. ஊருணியில் நீரோட்டம் இல்லாத மூலையில் பாசி பிடிப்பதைப் போல, அந்தப் பையில் தேங்கும் ரத்தம் கட்டியாகிறது. கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோயாளிகளுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு.

அப்பத்தாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ரத்தம் இப்படிக் கட்டியாகாமல் தடுக்கத்தான் அந்த மாத்திரை. பல தாக்குதல்கள் படபடப்பே இல்லாமல் வந்துபோகும். நாடி சீரான பிறகும் விரிந்துபோன மேலறை பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை. 75 வயதைத் தாண்டியது, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டுகிறது. "ஏற்கெனவே இத்தனை நோய், இன்னொரு மாத்திரை வேண்டாமே" என்று வீட்டார் சொல்வதைக் கேட்கும்போது எனக்குப் பதறுகிறது. அத்தனை நோய்கள் இருப்பதால்தான் அந்த மாத்திரை கட்டாயம்.

ஆஸ்பிரின் போதாதா? 2007இல் இங்கிலாந்தில் 75 வயதுக்கு மேற்பட்ட 973 பேரிடம் நடந்த ஆய்வில், பெரும் பக்கவாதம் போன்ற பாதிப்புகள் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 3.8 விழுக்காடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுத்தவர்களுக்கு 1.8. வார்ஃபரினால் ரத்தக்கசிவு கூடவும் இல்லை. விழுந்துவிடுவார் என்ற பயமும் மருந்தை நிறுத்தப் போதிய காரணமல்ல. முற்றத்துப் படியில் கைப்பிடியும் இரவு விளக்கும் வைத்தோம்.

வார்ஃபரினுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். முருங்கைக்கீரையை ஒருநாள் அள்ளிச் சாப்பிட்டு மறுநாள் விட்டாலும் மருந்தின் வேலை கூடிக் குறையும். அப்பத்தாவுக்குக் கொடுத்தது ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான அப்பிக்சபான். வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் 1.5 அல்லது அதற்கு மேல்: இவற்றில் இரண்டு பொருந்தினால் ஒரு வேளைக்கான 5 மில்லிகிராம் 2.5 ஆகும். அவர் எடை 48 கிலோ.

நாடியின் வேகத்தைக் குறைக்கத் தனி மருந்து உண்டு. ஓய்வில் 110க்குள் இருந்தால் பலருக்குப் போதும். தாளத்தையே மீட்கும் முயற்சி மூச்சுத்திணறலோ சோர்வோ வாட்டும்போது பயன்படும். 2020இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, நோய் தெரிந்த முதல் ஆண்டிலேயே அதைத் தொடங்குவது நல்லது என்று காட்டியது. ஆனால் அதற்கான ஆமியோடரோன் என்ற மருந்து தைராய்டையும் நுரையீரலையும் கெடுக்கக்கூடும். வேகம் குறைக்கும் டிஜாக்சினோ சிறுநீரகம் தளர்ந்தால் உடலில் சேர்ந்துவிடும்.

அப்பிக்சபானின் அளவு ரத்தத்தில் சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒரு வேளை தவறினாலும் பாதுகாப்பு மெலியும். அதனால் அப்பத்தாவுக்குக் காலைக் காப்பியோடு ஒன்று, மாலையில் விளக்கேற்றியதும் ஒன்று.