எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும்

தாராவியில் நள்ளிரவில் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டால் பாதி நேரம் சாவுச் செய்திதான். போன மாதமும் அப்படியே. "அப்பா போய்விட்டார் டாக்டர். விடிந்தால் சுடுகாட்டில் சான்று கேட்பார்கள். ஹார்ட் அட்டாக் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்" என்றார் திருநெல்வேலிக்காரப் பையன்.

அவருடைய அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தவனே நான்தான். பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரை, காலில் ஆறாத புண், கடைசி நான்கு நாள் குளிர்காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதற்கு, "சம்பளம் வரட்டும்" என்றிருந்தார்.

வீட்டில் இறந்தவருக்கு, சாவின் காரணத்தை மருத்துவர் எழுதித் தரும் 4ஏ படிவம். முதல் வரியில், கடைசியாக உயிரைப் பறித்தது: ரத்தத்தில் பரவிய கிருமித் தொற்று. அதைக் கொண்டுவந்தது அழுகிய புண். அதற்கும் அடியில் சர்க்கரை. நாட்டின் கணக்கில் பொதுவாக ஏறுவது இந்த அடிக்காரணம்தான்.

"சர்க்கரை என்று போட்டால் இன்சூரன்ஸ் பணம் வராதாமே?" என்றார் பையன். நோயை மறைத்துப் பாலிசி எடுத்திருந்தால் சிக்கல் வரலாம். அதற்காக நான் பொய் எழுத முடியாது என்றேன்.

நானும் பெரிய யோக்கியன் அல்ல. தொழிலுக்கு வந்த புதிதில் கண்ணை மூடிக்கொண்டு "இதய, சுவாசச் செயலிழப்பு" என்று எழுதித் தள்ளியவன். பாம்பு கடித்தவருக்கும் கடைசியில் இதயம்தானே நிற்கிறது!

இந்தியாவில் 1971இல் ஆயிரம் பேருக்கு 14.9 என்றிருந்த இறப்பு விகிதம் 2020இல் 6 ஆனது. எத்தனை பேர் என்பது ஓரளவு தெரிகிறது. எதனால் என்பதில்தான் ஓட்டை. 2020இல் பதிவான சுமார் 81 லட்சம் இறப்புகளில் காரணத்தை மருத்துவர் சான்றளித்தவை 22.5 சதவீதம். அவற்றில் சுமார் 32 சதவீதத்துடன் முதலிடம் இதய, ரத்தநாள நோய்களுக்கு. பெரிய எமன் அதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் என்னைப் போன்றோரின் அவசரக் கையெழுத்தும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

காசநோய் என்று எழுதினால் மகளுக்குச் சம்பந்தம் அமையாது என்று கெஞ்சியவர்களும் உண்டு. மறைத்துவிட்டால், அதே அறையில் படுத்துறங்கிய பிள்ளைகளின் சளியை யார் வந்து பரிசோதிப்பார்கள்?

2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தப்படி, இந்தக் காரணச் சான்றின் நகல் நெருங்கிய உறவினருக்கும் தரப்பட வேண்டும். கேட்டு வாங்கிப் படியுங்கள். சான்றுக்கு வரும்போது பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். அந்தப் பையன் ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார். புண்ணுக்கு நான் எழுதிய மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அதற்குள் கிடந்தது.