கட்சிப் பெயரை மாற்றிப் போட்டுப் படித்துப் பாருங்கள்

பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதிய செய்திகளைத் திருத்துவதுதான் இருபது வருடங்களுக்கு மேலாக என் வேலை. தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: அரசியல் செய்தியில் எவ்வளவு பொய் இருக்கிறது? நான் பார்த்தவரை அப்பட்டமான பொய் குறைவுதான். சாய்வு உட்கார்ந்திருக்கும் இடமே வேறு. எந்த வினைச்சொல் போடுகிறோம், எந்தப் பத்தி மேலே ஏறுகிறது, எது 'இடமில்லை' என்று வெட்டப்படுகிறது, இங்கேதான் எல்லாம் நடக்கிறது.

பல வருடங்களுக்கு முன் மாவட்டப் பதிப்பில் இருந்தபோது நடந்தது இன்னும் உறுத்துகிறது. நகராட்சிக் கூட்டத்துக்கு எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் காலிக் குடங்களோடு வந்து சத்தம் போட்டு வெளிநடப்புச் செய்தார்கள். நிருபர் நன்றாகத்தான் எழுதியிருந்தார். கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று வந்ததால் கடைசிப் பத்தியை நான் எடுத்துவிட்டேன். 'கூச்சல், குழப்பம், அமளி' என்று தலைப்பு வைத்து அனுப்பினேன். மறுநாள் காலை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, 11 நாளா எங்க தெருவுல தண்ணி வரலை. அதுக்காகத்தானே குடத்தைத் தூக்கிட்டுப் போனாங்க? அது எங்கப்பா உங்க பேப்பர்ல?"

அந்த 11 நாள் நான் வெட்டிய பத்தியில் இருந்தது.

அன்று இரு கட்சி ஆதரவுப் பத்திரிகைகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் 'அராஜகம்', மற்றொன்றில் 'ஜனநாயகப் படுகொலை'. தண்ணீர் ஏன் வரவில்லை என்று இரண்டிலும் ஒரு வரி இல்லை. அப்புறம் விசாரித்தால், நீரேற்று நிலையத்து மோட்டார் எரிந்துபோயிருந்தது. வாங்கியது முந்தைய ஆட்சியில், பராமரிக்காமல் விட்டது அப்போதைய ஆட்சியில். யாருக்குமே அந்த மோட்டாரைப் பற்றிப் பேச ஆசையில்லை. 'இரண்டு தரப்பையும் படித்தால் உண்மை நடுவில் கிடைத்துவிடும்' என்று படித்தவர்களே சொல்கிறார்கள், நானும் நம்பியவன்தான். ஆனால் இரண்டு பேருக்கும் சங்கடமான விஷயத்தை இரண்டு பேருமே எழுத மாட்டார்கள். நடுவில் தேடினால் அது கிடைக்காது.

இதைப் பெரிய அளவில் பார்த்தது 2001 ஜூன் 30. சென்னையில் மேம்பாலங்கள் கட்டியதில் ஊழல் என்று போட்ட மேம்பால வழக்கில் கருணாநிதியை அதிகாலையில் வீடு புகுந்து கைது செய்தார்கள். சன் டிவியைப் போட்டால் வயதான தலைவரைப் போலீஸ் இழுத்துச் செல்வதும் அவர் அலறுவதும் திரும்பத் திரும்ப ஓடியது. ஜெயா டிவி பக்கம் போனால் அப்போது தி.மு.க.வின் மத்திய அமைச்சர்களாக இருந்த முரசொலி மாறனும் டி.ஆர்.பாலுவும் போலீசாரோடு மல்லுக்கட்டும் காட்சிகள். ஒரே வீடு, ஒரே அதிகாலை. எந்தக் காட்சியில் தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் மாற்றினார்கள், பார்த்தவர்களுக்கு இரண்டு வேறு சம்பவங்கள் கிடைத்தன. அதற்குப் பிறகு டீக்கடையில் வாரக்கணக்கில் அந்தக் காட்சிகளைப் பற்றித்தான் சண்டை. மேம்பால வழக்கில் குற்றச்சாட்டு என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்று யாரும் கேட்டு நான் கேள்விப்படவில்லை.

கட்சி ஏடுகள் மேல் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. முரசொலி 1942-இல் தொடங்கியது, அது யாருடைய குரல் என்று வாங்குகிறவருக்குத் தெரியும். 2018-இல் வந்த நமது அம்மாவும் அப்படித்தான், பெயரே சொல்லிவிடுகிறது. தன் கட்சிக்காரனிடம் பேச ஒரு கட்சி பத்திரிகை நடத்துவது தவறே இல்லை. நடுநிலை என்று சொல்லிக்கொண்டு நாங்கள் செய்வதுதான் ஆபத்து, ஏனென்றால் அதை வாசிப்பவர் எச்சரிக்கையாக இருப்பதில்லை. அரசு விளம்பரத்தை நம்பியிருக்கும் பத்திரிகையில், இப்படி எழுது என்று யாரும் உத்தரவு போட வேண்டியதே இல்லை. மறுநாள் முழுப்பக்க விளம்பரம் வருகிறது என்று தெரிந்தாலே டெஸ்க்கில் இருப்பவர் கை தானாகச் சொல்லை மாற்றிவிடும், என் கையும் மாற்றியிருக்கிறது.

சொற்களைக் கவனியுங்கள். தலைவர் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார், அதை 'விளக்கம் அளித்தார்', 'சமாளித்தார்', 'மழுப்பினார்' என்று மூன்று விதமாக எழுதலாம். நிலைப்பாட்டை மாற்றினால் பிடித்தவருக்கு 'மறுபரிசீலனை', பிடிக்காதவருக்கு 'பல்டி'. ஜெயலலிதா ஆட்சியில் மிக்ஸி, கிரைண்டர் 'விலையில்லா'ப் பொருள்கள் ஆயின. 2023-இல் வந்த மாதம் 1,000 ரூபாய் 'மகளிர் உரிமைத் தொகை'. எதிரில் நிற்பவர் இரண்டையும் 'இலவசம்' என்பார். 2021-க்குப் பிறகு 'மத்திய அரசு' என்று எழுதுகிறீர்களா 'ஒன்றிய அரசு' என்று எழுதுகிறீர்களா என்பதை வைத்தே உங்கள் கட்சியைக் கண்டுபிடிக்கிறார்கள். இதில் எந்தச் சொல்லும் பொய்யில்லை. ஆனால் சொல்லைத் தேர்ந்த அந்த நொடியிலேயே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது, வாசகர் அதற்குக் கீழே உள்ள விவரத்துக்கு வரும்போது மனசு முடிவு செய்திருக்கும்.

நான் செய்யும் சோதனை ஒன்றுதான், யாரும் செய்யலாம். கட்சிப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுச் செய்தியை மறுபடி படியுங்கள். 2018 ஜனவரியில் அ.தி.மு.க. அரசு பேருந்துக் கட்டணத்தை ஏற்றியபோது தி.மு.க. தெருவில் இறங்கியது. 2022 செப்டம்பரில் தி.மு.க. அரசு மின்கட்டணத்தை ஏற்றியபோது அ.தி.மு.க. இறங்கியது. இரண்டு முறையும் அரசு சொன்ன காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்: நஷ்டம் தாங்கவில்லை, பக்கத்து மாநிலங்களில் இதைவிட அதிகம். 2018-இல் உங்களுக்குக் கோபம் வந்து 2022-இல் வரவில்லை என்றால், அல்லது அதற்கு நேர்மாறாக நடந்தது என்றால், கோபம் கட்டணத்தின் மேல் இல்லை. இதை ஒத்துக்கொள்வது கஷ்டம், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இப்போது போனிலேயே எல்லாம் வருவதால் இன்னும் மோசம். ஒருவர் மின்கட்டண ஸ்லாபை வைத்துக் கணக்குப் போட்டுக் கேள்வி கேட்கிறார். பதிலாக '200 ரூபாய் உ.பி.' (காசுக்குப் பதிவு போடும் தி.மு.க. உடன்பிறப்பு என்ற கேலி) அல்லது 'சங்கி' (சங் பரிவார் ஆள் என்ற கேலி) என்று ஒரு சொல் வந்து விழுகிறது, கணக்கு அங்கேயே செத்துவிடுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இதனாலேயே பேச்சுவார்த்தை இல்லாமல் போன சித்தப்பா, அண்ணன் மகன் எல்லோரையும் எனக்குத் தெரியும். ஒரே வீட்டு பில்லுக்குப் பணம் கட்டுகிறவர்கள் அவர்கள்.

டெஸ்க்குக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது தலைப்பை இல்லை. "கடைசிப் பத்தியைப் படிச்சியா?" என்றுதான் கேட்கிறேன். போன வாரம்கூட ஒரு போராட்டச் செய்தியில், எந்தக் கிராமத்துக்குப் பேருந்து நிறுத்தப்பட்டது என்ற வரி கடைசியில் கிடந்தது. அதை எடுத்து முதல் வரியாக்கினோம். யார் யாரைச் சாடினார் என்பது நான்காவது பத்திக்குப் போனது.