மேடு ஏறி நின்ற பிறகு வரும் இரண்டு நிமிடம்

"ஏறும்போது ஒண்ணுமில்லை டாக்டர். மேலே போய் பெஞ்சில் உட்கார்ந்ததும்தான் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டு வரை தினமும் காலையில் ஏறும் பெரியவர் ஒருவர் இப்படிச் சொன்னார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர். கையில் லேப் ரிப்போர்ட், ரத்தத்தில் பொட்டாசியம் என்ற தாது உப்பு 4.2. "இது நார்மல்தானே?"

நார்மல்தான் ஐயா. ஆனால் அது நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எடுத்த ரத்தம். மேடு ஏறும்போது உங்கள் ரத்தம் வேறு.

தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் கொஞ்சம் வெளியே வரும். ஓய்வில் லிட்டர் ரத்தத்துக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் (ரிப்போர்ட்டில் வரும் அளவு) வரை இருப்பது, கடும் உழைப்பில் 6ஐத் தாண்டலாம். (ரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறந்தாலே ரிப்போர்ட்டில் எண் கூடிவிடும். அநாவசியமாகப் பயந்து வருகிறவர்கள் உண்டு.) கூடவே ரத்தத்தில் அமிலம் சேரும், உடம்பை முடுக்கும் அட்ரினலின் ஹார்மோன் பல மடங்கு ஏறும்.

படுத்திருக்கும் நோயாளிக்கு இதே அளவு பொட்டாசியம் இருந்தால் நாங்கள் உடனே ஈசிஜி எடுப்போம். மேடு ஏறுகிறவருக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? பொட்டாசியம் இதயத்தின் மின்னோட்டத்தை மந்தமாக்குகிறது, அட்ரினலின் அதை முடுக்கிவிடுகிறது. தனித்தனியாக வந்தால் இரண்டுமே தொல்லை. சேர்ந்து வருவதால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுகின்றன.

ரத்தம் குறைவாகப் போகும் இதயத்தில் இந்தச் சமாளிப்பு அவ்வளவாக எடுபடாது. பட்டினி கிடக்கும் பகுதியிலேயே பொட்டாசியமும் அமிலமும் தேங்கிக் கிடக்கும். அங்கே மின்னோட்டம் தடுமாறும், பக்கத்துப் பகுதியில் ஒழுங்காக ஓடும். துடிப்பு தாறுமாறாவதற்கு அது போதும்.

அப்புறம், சட்டென்று நின்றால்? தசைகள் பொட்டாசியத்தை வேகமாகத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. ஒன்றிரண்டு நிமிடத்தில் அளவு சரிகிறது, சிலருக்கு ஓய்வு அளவுக்கும் கீழே போகிறது. அட்ரினலின் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. போதாததற்கு, கால் தசை ஓய்ந்ததும் ரத்தம் காலிலேயே தங்கி, ரத்த அழுத்தம் இறங்குகிறது. பெரியவருக்குப் பெஞ்சில் படபடத்தது இந்த நேரத்தில்தான். டிரெட்மில் டெஸ்ட்டில் ஓட்டம் முடிந்த பிறகும் நாங்கள் ஒயரைக் கழற்றாமல் சில நிமிடம் பார்ப்பது இதனால்தான். ஓடும்போது தெரியாத மாற்றம் சிலருக்கு அப்போதுதான் ஈசிஜியில் தெரியவரும்.

நம் ஊர் குளிர் ரத்தக்குழாயை இன்னும் சுருக்கும். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரை ஊர்களைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கேயே வாழ்கிறவர்களுக்கு உடம்பு பழகியிருக்கும். சமவெளியிலிருந்து வரும் இதய நோயாளிகள், முதல் நாளே தொட்டபெட்டாவில் வேகமாக ஏறிப் பார்க்க வேண்டாம்.

நடக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அடைப்பு உள்ளவருக்கும் நடை மருந்துதான், எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேடு முடிந்ததும் உட்காராமல், சமதளத்தில் ஐந்து பத்து நிமிடம் மெதுவாக நடந்து வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சைப் பிடித்தால் மட்டும் இது பொருந்தாது. உடனே உட்கார்ந்து, டாக்டர் கொடுத்திருந்தால் நாக்குக்கு அடியில் மாத்திரை, குறையவில்லையென்றால் 108.

நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே குறைவாக இருக்கலாம், வாந்தி பேதி வந்தால் இன்னும் குறையும். சில பிரஷர் மாத்திரைகள் அதை ஏற்றும், சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் அதிகமாக. அதனால் யாரோ சொன்னார்கள் என்று பொட்டாசியம் நிறைந்த இளநீரைத் தினமும் குடிப்பதும், சாதா உப்புக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பு வாங்குவதும் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியவை.

பெரியவருக்கு ஹோல்டர் (துடிப்பைத் தொடர்ந்து பதியும் சின்ன ஈசிஜி கருவி) மாட்டி ஒரு நாள் முழுக்கப் பார்த்து, மாத்திரையை மாற்றினோம். இப்போதும் பெட்போர்டு வரை ஏறுகிறார். பெஞ்சில் உட்காரும் முன் அங்கேயே நாலு முறை மேலும் கீழும் நடக்கிறாராம். டீக்கடைக்காரர், "பஸ்ஸைத் தவற விட்டுட்டீங்களா?" என்று கேட்டாராம்.